சங்கு ஊதினால் பாவைச் சுருட்டு

போன வருஷம் ஒரு நண்பகலில் எங்கள் வீட்டிலிருந்த நாலு கைப்பேசிகளும் ஒரே சமயத்தில் அலறின. அரசாங்கம் அனுப்பிய சோதனைச் செய்தியாம். ஆபத்து வந்தால் இப்படித்தான் எச்சரிப்போம், இப்போது நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. மருமகள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல மாமா, டெஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தேன். ஒருவரும் வெளியே வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் முன்பு இருந்த தெருவில் சங்கு ஊதியதும் அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். வந்தும் என்ன.

அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். முப்பத்தொன்றில் தறி இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. அப்பாவோடு எங்கள் வீட்டு நெசவு முடிந்துவிட்டது. நான் படித்துத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா ஆகிவிட்டேன். எங்கள் வரிசையிலேயே ஏழு வீடு தள்ளி என் அக்கா தனியாக இருந்தாள். அவளை ஐயம்பேட்டையில் கொடுத்திருந்தோம். அத்தான் இறந்த பிறகு கொழுந்தன் வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்த்தாள். அங்கே அவளுக்கு நூல் சுற்றுகிற வேலையும் பாத்திரம் தேய்க்கிற வேலையும்தான். ஒரு நாள் அத்தானுடைய தறிச் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள். முன்பக்கம் ஓடும் பின்பக்கம் கீற்றும் வேய்ந்த ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பின்பக்கத்தில் குழி தோண்டித் தறி போட்டாள்.

பெண்பிள்ளைகள் தறியில் துணைக்கு உட்காருவார்கள். நூல் இழைப்பார்கள், குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குழல்களில் தாராகச் சுற்றுவார்கள். தறியைத் தன் பொறுப்பில் ஓட்டுகிற பெண் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். அதைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. அவளிடம் கேட்டால் சொல்லுவாள்: "தறிக்குழியில எறங்கிட்டா நான் ராஜாத்திடா. ஏறி வெளிய வந்தாத்தான் தாலியறுத்தவ."

கிழக்கே பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்தக் கார்த்திகை மாதத்தில்தான் எங்கள் தெருவுக்குப் பாதுகாப்புச் சாமான்கள் வந்தன. காஞ்சிபுரத்தின் மேல் யார் குண்டு போடப்போகிறார்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனாலும் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினோம். நேரம் காட்ட ஊதிக்கொண்டிருந்த நகராட்சிச் சங்கை, ஆபத்துக்கு மட்டும்தான் இனி ஊதுவோம் என்று நிறுத்தினார்கள். பெண்கள் உலை வைக்க நேரம் தெரியாமல் ஒரு வாரம் அல்லாடினார்கள். பிறகு தெருவுக்கு ஒரு கமிட்டி என்றார்கள். எங்கள் தெருவின் பாதி வீடுகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைத்த முதலாளிதான் தலைவர். வேறு யார் இருக்க முடியும்? ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வந்த சாமான்களை நான்தான் எண்ணி இறக்கினேன். சிவப்பு வாளி பன்னிரண்டு. ஆறில் மணல், ஆறில் தண்ணீர். வாளிக்குள் நிறுத்திக் காலால் மிதித்துப் பிடித்துக் கையால் அடிக்கிற பம்பு ஒன்று. இரும்புத் தொப்பி இரண்டு. கூரை பற்றிக்கொண்டால் கீற்றை இழுத்துத் தள்ளுவதற்கு, நீளமான மூங்கிலில் இரும்புக் கொக்கி மாட்டிய தொரட்டி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று கால் வைத்த ஒரு கைச்சங்கு. பச்சை வர்ணம் அடித்தது. பிடியைச் சுழற்றினால் முதலில் கன்றுக்குட்டி போலக் கத்தி, வேகம் ஏற ஏறத் தெருக்கோடி வரை அலறும். ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து. ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கிவிட்டது. முதலாளி வீட்டு நடையில் அதை வைத்துச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள்.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும். பாவு போடுவது வீட்டுக்குள் முடிகிற காரியமல்ல. மூன்று புடவைக்கு வேண்டிய நீளத்துப் பட்டு இழைகளை விடிந்ததும் நடுத்தெருவில் இழுத்துக் கட்ட வேண்டும். இடையிடையே மூங்கில் கொடுத்துத் தாங்கி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. பாவு நிற்கிற நேரத்தில் அந்தத் தெருவுக்குள் வண்டி வராது. சைக்கிள்காரன் இறங்கி ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போவான். பாவை யாரும் தாண்ட மாட்டார்கள். சுற்றித்தான் போவார்கள். சாவு எடுப்பதென்றாலும் அடுத்த தெரு வழியாகத்தான் எடுப்போம்.

முதல் ஒத்திகையைக் காலை ஏழு மணிக்கு வைத்தார் பாதுகாப்பு அதிகாரி. அவர் வேறு ஊர்க்காரர், காக்கி உடுப்புக்காரர். தெருவில் முதலாளியின் பாவு நின்றது. சங்கு அலறியதும் ஜனங்கள் கண்டபடி ஓடினார்கள். ஒரு மாடு மிரண்டது. பாவின் நடுவே யாரோ விழுந்து, இழைகள் கொத்தாக அறுந்தன. அவற்றை எடுத்து முடிந்து தீர்க்க இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. இனி எங்கள் தெருவில் சங்கே ஊதக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நெசவாளிகளும் அவர் பக்கம்தான். அதிலே தவறும் இல்லை. அறுந்தால் முடிகிறவர்கள் அவர்கள்தானே.

அதிகாரி விட்டுக்கொடுத்தார். தெரு அடைத்துக் கிடந்தால் தீயணைப்பு வண்டி எப்படி வரும், ஆகையால் சங்கு ஊதியதும் செய்ய வேண்டிய முதல் காரியம் பாவைச் சுருட்டுவதுதான் என்று ஒரு விதி செய்தார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஒன்பது ஆட்களைப் பொறுக்கி ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். இரண்டு முனைக்கும் இரண்டிரண்டு பேர், சுருட்ட மூன்று பேர், மூங்கில்களை எடுக்க இரண்டு பேர். மற்றவர்கள் இருபுறமும் சுவரோரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். சுருட்டி முடித்ததும் சங்கு ஒரே சீராக ஊதும். பிறகு முதலாளி வீட்டில் எல்லோருக்கும் சுக்குக் காபி.

நான் அதிகாரியிடம் கேட்டேன், தண்ணீர் எடுக்கிறது யார், தொரட்டி பிடிக்கிறது யார், அதையும் பழக வேண்டாமா என்று. அதெல்லாம் ஒத்திகையில் வேண்டியதில்லை, தெரு சேறாகிவிடும் என்றார் அவர். முதலாளி குறுக்கே வந்தார்.

"இன்னா குமாஸ்தா, பட்டு மேல தண்ணி பட்டா உன் வூட்டு பீரோவ வித்தாலும் ஈடு ஆவாதுபா. நீ வாளிய எண்ணிக்கினு இரு, அது போதும்."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். என் அக்காவும் அங்கேதான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

சண்டை இரண்டு வாரத்தில் முடிந்தது. ஒத்திகை முடியவில்லை. மாதம் ஒருமுறை நடந்தது. எங்கள் ஆட்கள் பாவு சுருட்டுவதில் அபாரமாகத் தேறிவிட்டார்கள். ஓர் இழைகூட அறாமல், ஒருவர் கால் ஒருவர்மேல் படாமல், கூத்து பார்ப்பது போல இருக்கும். மற்றத் தெருக்களிலிருந்து கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதிகாரி தன் மேலதிகாரியை ஒருமுறை அழைத்து வந்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் ஆயத்தம் என்றார்.

மற்றச் சாமான்கள் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். மணலில் பாதி பாத்திரம் தேய்க்கப் போயிற்று. தண்ணீர் வாளிகளில் கொசு முட்டையிடுகிறது என்று நகராட்சியின் சுகாதாரத்துறையிலிருந்து ஒருவர் வந்து, ஆறையும் கொட்டிக் கவிழ்த்து மாட்டச் சொன்னார். தண்ணீர் வைக்கச் சொன்னதும் சர்க்கார்தானே என்று நான் பிரசுரத்தைக் காட்டினேன். அது வேறு டிபார்ட்மெண்ட் என்றார். தொரட்டியின் மூங்கில் நல்ல நேரானது, கணு தேய்த்தது. கொக்கியைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்துப் பாவுக்கு நடுத்தாங்கலாக அதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இதைப் பற்றி இரண்டு முறை சொன்னேன். குமாஸ்தாவுக்கு வேறு வேலை இல்லை என்றார்கள்.

பங்குனி மாதம். காற்று காய்ந்து கிடந்தது. காலை ஏழு மணி இருக்கும், நான் பாதி முகம் சவரம் செய்திருந்தேன். சங்கு ஏறி இறங்கி அலறியது. என் மனைவி, "இந்த மாசம் சீக்கிரமே வெச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். தெருவில் எல்லோருக்கும் அந்த எண்ணம்தான். தெருக்கோடிக் குழாயில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அக்காவும் ஒத்திகை என்று நினைத்து, இடத்தை விடாமல் நின்றிருக்கிறாள்.

நான் வெளியே வந்தபோது ஒன்பது பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் சுவரோரம். அந்த வரிசையின் தலைக்கு மேலே, அக்கா வீட்டின் பின்பக்கத்திலிருந்து புகை சுருண்டு வந்தது. அவளை அடுத்த வீட்டில் சாயப் பட்டறை. பட்டு தோய்க்கக் கொதிநீர் வைத்த அடுப்பிலிருந்து பொறி பறந்து கீற்றில் விழுந்திருக்கிறது. சாயக்காரர்தான் பார்த்துவிட்டு முதலாளி வீட்டுக்கு ஓடிச் சொல்லியிருக்கிறார். முதலாளியின் கணக்குப்பிள்ளை உடனே சங்கைச் சுழற்றிவிட்டார். சங்கு ஒழுங்காக வேலை செய்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஒன்பது பேரும் பாவைச் சுருட்டினார்கள். சுவரோரம் நின்றவர்கள் நின்றார்கள். புகையைப் பார்த்தும் நின்றார்கள். அடுத்த சங்குக்குக் காத்திருந்தது போலத்தான் எனக்குப் பட்டது. நான் கத்திக்கொண்டே வாளிகளை எடுக்க ஓடினேன். ஆறும் கவிழ்ந்து தொங்கின. சாயக்காரர் கிணற்றில் நானும் அவரும் அவருடைய மனைவியும் இறைத்து ஊற்றத் தொடங்கினோம். மூன்று பேர். கீழிருந்து வீசிய தண்ணீர் கூரையின் உச்சிக்கு எட்டவில்லை. பம்பை எடுத்து வந்தால் எட்டியிருக்கும். அதை அடிக்கத் தெரிந்தவர் தெருவில் ஒருவரும் இல்லை.

அக்கா குடத்தோடு ஓடி வந்தாள். குடத்தைக் கூரைமேல் வீசிவிட்டுத் தெருவுக்குத் திரும்பினாள். அப்போது தீ கீற்றின் ஒரு பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை இழுத்துத் தள்ளியிருந்தால் தறி நின்றிருக்கும். இதை நான் மட்டும் சொல்லவில்லை, பிறகு வந்த தீயணைப்புக்காரரும் சொன்னார்.

"தொரட்டிய குடுங்கடா. கூரைய இழுத்துத் தள்ளணும், தொரட்டிய குடுங்க" என்றாள்.

தொரட்டி பாவின் நடுவே தாங்கலாக நின்றது. அதை உருவினால் பாவு தரையில் தொய்ந்துவிடும். அதன் அருகில் நின்றவன் எங்களுக்குத் தூரத்து உறவு. கெட்டவன் அல்ல. அக்கா கையால் எத்தனையோ நாள் காபி வாங்கிக் குடித்தவன்.

"ஒரே நிமிசம்க்கா. சுருட்டிக்கினே இருக்கறோம். தோ, முடிஞ்சிச்சி" என்றான்.

அவள் பாவின் இந்தப் பக்கமே நின்றாள். இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கை நீட்டியிருந்தால் தொரட்டி அவளுக்கு எட்டியிருக்கும். பிடுங்கியிருக்கலாம். அவளும் நெசவுக்காரி. பாவு கட்டி நிற்கும்போது நடுத்தாங்கலை உருவ அவள் கைக்கும் வரவில்லை. இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, அவர்கள் சுருட்டி வருவதையும் தன் கூரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு அவர்கள் சுருட்டியது ஒத்திகைகளை எல்லாம்விட வேகம். ஓர் இழை அறவில்லை. முடித்ததும் அந்த ஒன்பது பேரும் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். உயிரைக் கொடுத்துத்தான் இழுத்தார்கள், ஒருவனுக்குக் கை வெந்துபோயிற்று. ஆனால் அதற்குள் கூரை முழுவதும் பிடித்துக்கொண்டுவிட்டது. இழுத்த கீற்று எரிந்தபடியே உள்பக்கமாகச் சரிந்து தறிமேல் விழுந்தது. தறியின் அச்சும் விழுதும் அரைவாசி நெய்த புடவையும் குழிக்குள்ளே எரிந்தன. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. தெரு துடைத்து வைத்தது போலக் கிடந்ததால் ஒரு தடையுமில்லாமல் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. இவ்வளவு நெருக்கமான நெசவுத் தெருவில் வண்டி இப்படி நேராக வந்ததே இல்லை என்று அதன் ஓட்டுநர் பாராட்டினார். பிறகு குழாயைப் பிடித்துச் சாம்பலை நனைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்தார். உயிர்ச்சேதம் இல்லை, தீ அடுத்த வீட்டுக்குப் பரவவில்லை, தெரு உடனே காலி செய்யப்பட்டது என்று மூன்று விஷயம் சொல்லி, மூன்றுக்கும் கமிட்டியை மெச்சினார். அக்கா வீட்டுப் பக்கம் அவர் போகவில்லை. நான் கூப்பிட்டேன். நேரமாகிவிட்டது என்றார்.

முதலாளி அன்று மாலை தெருவில் வீட்டுக்கொரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் அனுப்பினார். பாவு பிழைத்ததற்குத் தெருவுக்குச் செய்கிற மரியாதை. கணக்குப்பிள்ளை கூடையோடு வீடு வீடாக வைத்துக்கொண்டு வந்தார். அக்கா வீட்டின் பின்பக்கம்தான் எரிந்தது, முன்வாசலும் படியும் இருந்தன. வாசற்படி இருக்கிற வீட்டுக்கெல்லாம் தேங்காய் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. அந்தப் படியிலும் ஒரு தேங்காயை வைத்துவிட்டுப் போனார்.

நான் அதை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கே போய்த் திருப்பி வைத்தேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்காவைத் தன் தறிக்கூடத்தில் வந்து நெய்யச் சொன்னார். எட்டு ஆண்கள் நெய்கிற கூடம். அங்கே பெண் போய்க் குழியில் இறங்குவது அந்த நாளில் நடக்கிற காரியமா? அது அவருக்கும் தெரியும்.

நெசவாளர் சங்கத்துக்குப் போனோம். தறி இழந்த உறுப்பினருக்கு உதவி உண்டு. உறுப்பினர் யார் என்றார்கள். இறந்துபோன அத்தான். அவர் வந்து கேட்க வேண்டும் என்று சொல்லாததுதான் குறை. எங்கள் கச்சேரியிலேயே நான் மனுப் போட்டேன். குடிசை எரிந்தால் நிவாரணம் உண்டு. முன்பக்கம் ஓடு நிற்பதால் இது குடிசை அல்ல, வீட்டுக்காரர் வேறு ஆளாதலால் சேதம் இவளுடையதும் அல்ல என்று என் பக்கத்து மேஜைக்காரரே குறிப்பு எழுதினார். அவர் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவே ஒரு மண்பானை இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பானையில் நான் தண்ணீர் குடிக்கவில்லை.

அக்காவை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். இரண்டு அறை, நாங்கள் ஏழு பேர். அவள் எட்டு. தறி போட இடமில்லை. கீழே சிமெண்டுத் தரை, குழி தோண்ட முடியாது. அவள் வந்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்து நான் அவளைப் பார்த்ததே இல்லை. சாயங்காலம், ஐயம்பேட்டைக்குப் போகிறேன், கொழுந்தன் வீட்டுக்கு, என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்களிடமிருந்து தப்பி வந்தவள் நீ, மறுபடியும் அவர்கள் காலிலா விழப்போகிறாய், என் வீட்டுச் சோறு உனக்குக் கசக்கிறதா என்று கேட்டேன்.

"கசக்கல தம்பி. இங்க இருந்தா நான் துன்றது தம்பி வூட்டு சோறு. அங்க வேல செஞ்சிட்டு துன்னலாம். வேலக்காரி சோறு எனக்கு எறங்கும்."

"தறி?"

"எந்தத் தறி?" என்றாள்.

போகும்போது வண்டி வைக்கவில்லை. எடுத்துப்போக வண்டிச் சாமான் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தொரட்டியருகே நின்றவன் பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைச் சுமந்து வந்தான். பஸ் கிளம்பும்போது அவன், "மன்னிச்சிக்கோக்கா" என்றான். அவள் ஜன்னல் வழியாக அவன் வெந்த கையைப் பார்த்து, மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னாள்.

அடுத்த தை மாதத்தில் அவளைப் பார்க்கப் போனேன். கரும்பும் வாழைப்பழமும் ஒரு நூல் புடவையும் கொண்டுபோயிருந்தேன். பின்கட்டில் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அப்போது மூன்று தறி. மூன்றுக்கும் ஊடை நூல் அவள் ஒருத்தியே சுற்ற வேண்டும். உடம்பு பாதியாகியிருந்தது. பிள்ளைகள் படிக்கிறார்களா, உன் மனைவிக்கு முதுகு வலி தேவலையா என்று கேட்டாள். கேட்கும்போதும் கை நிற்கவில்லை. வா, அங்கே தெருக்கோடியில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, நான் எப்படியாவது தறிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். "அக்கா, நம்ம தெருவுல" என்று தொடங்கினேன்.

முன்கட்டிலிருந்து, தறிக்குழியில் இருந்தபடியே கொழுந்தன் குரல் கொடுத்தான். "தாரு."

அவள் சுற்றி வைத்திருந்த தார்களை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்து ஓடினாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்ததும் என்னவோ சொல்ல வந்தாயே என்று கேட்கவில்லை. ராட்டையின் முன் உட்கார்ந்து அறுந்த நுனியைத் தேடி எடுத்தாள். நானும் சொல்லவில்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.